சட்டைப் பையில் அப்பாவின் பெயர்

மேர்வின் அழைப்பு மணியை அழுத்தியதும் இரண்டடி பின்னால் வந்து நிற்கிறான். கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்க்கிறான். பிறகு கண்ணை மூடாமலே ஒரு சின்னச் செபம்: 'ஆண்டவரே, உள்ளுக்கு ஒருத்தரும் இருக்கக்கூடாது.' வீடு வீடாகப் போய் வேதம் சொல்ல வந்தவன் செய்கிற செபமா இது என்று யாராவது கேட்டால், அவனிடம் பதில் தயாராக இருக்கிறது. "நான் கேக்கிற எல்லாத்திலயும் இது ஒண்டுதான் உடன கிடைக்குது" என்பான்.

வயது இருபது. பிறந்து வளர்ந்தது ஜெர்மனியில், தண்டவாளத்துக்குக் கீழே தொங்கி ஓடும் ரயிலுக்குப் பேர்போன வூப்பர்டாலில். மோர்மன் சபையின் ஊழியனாக இரண்டு வருடத்துக்கு லண்டனுக்கு வந்திருக்கிறான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, இடது நெஞ்சில் காந்தத்தால் ஒட்டும் கறுப்புப் பெயர்ப்பட்டை. முதல் சில மாதங்கள் பயிற்சிக் காலம். ஊழியர்கள் எப்போதும் சோடியாகத்தான் திரிய வேண்டும்; அந்தக் காலத்தில் சோடி தொழில் பழகிய ஒருவன். சோடியின் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போகக்கூடாது. கழிப்பறைக்கு மட்டும் விலக்கு உண்டு. மேர்வின் ஆரம்ப வாரங்களில் அந்த விலக்கைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டான். குளியலறைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். வெளியே வந்தால் சோடி மிகுந்த அக்கறையோடு, வயிறு சரியில்லையா என்று ஆங்கிலத்தில் விசாரிப்பான்.

சோடியின் பெயர் ஜென்சன். அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. மேர்வினைவிட ஒரே ஒரு வயது மூத்தவன், ஒன்றரை அடி உயர்ந்தவன், எந்தக் கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டாலும் "நல்ல நாளாக அமையட்டும்" என்று அந்தக் கதவுக்கே சொல்லிவிட்டு வருகிறவன். தமிழில் அவனுக்குத் தெரிந்தது "வணக்கம், சுகமோ?" மட்டும். அந்த இரண்டு சொல்லுக்கே தென் லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் தமிழ்க் கதவுகள் சிரித்துக்கொண்டு திறக்கின்றன. மேர்வின் அரைமணி நேரம் தூய தமிழில் பேசினாலும், "தமிழ்ப் பிள்ளையாய்ப் பிறந்து உமக்கு ஏனப்பு இந்த வேலை?" என்பதுதான் கிடைக்கும். "கடவுளின்ர கொம்பனியில விற்பனைப் பிரிவு எண்டொண்டு இருந்தால், அதில கடைசி ஆள் நான்தான்" என்று தன்னைப் பற்றி அவனே சொல்லிக்கொள்வான்.

இந்தக் கொம்பனியில் சேர்ந்த கதையையும் அவன் பெருமையாகச் சொல்வதில்லை. மற்ற ஊழியர்கள் காட்சி கண்டோம், கண்ணீர் விட்டோம் என்று சாட்சி சொல்லுமிடத்தில், இவன் கூடைப்பந்து விளையாடப் போனதாகச் சொல்வான். சபைக் கட்டடத்துக்குள் நல்ல மைதானம் இருந்தது. குளிர்காலத்தில் சூடும் போட்டிருந்தார்கள். பந்து போடப் போனவன் கதை கேட்டான், கேட்டவன் நம்பினான், பதினெட்டு வயது முடிந்த வாரமே மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தான். நம்பிக்கை உண்மையானதுதான். அதை வெளியே எடுத்துச் சொல்லும்போதுதான் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அவனுடைய பெரிய சங்கடம் நெஞ்சில் இருக்கும் அந்தப் பட்டை. சபையில் ஆண் ஊழியர் எல்லோரும் 'எல்டர்', அதாவது மூப்பர். மீசை அரும்பாதவனும் எல்டர்தான். அதற்குப் பின்னால் குடும்பப் பெயர் மட்டும் வரும். ஜென்சனுக்கு அது பூட்டன் காலத்துப் பெயர், யாருக்கும் நோகாது. மேர்வினுக்குக் குடும்பப் பெயரென்று தனியாக ஏது? எங்களுடைய கடவுச்சீட்டுகளில் அந்தக் கட்டத்தில் வழக்கமாக இருப்பது அப்பாவின் பெயர். ஆகவே இவன் எல்டர் சவிரிமுத்து.

உண்மையான சவிரிமுத்து மன்னார்க் கத்தோலிக்கர். வூப்பர்டாலில் தமிழ்ப் பூசை நடக்கும் ஞாயிறுகளில் முதல் வரிசை வாங்கில் இருப்பவர். கோடையில் கெவெலார் மாதா திருநாளுக்குத் தமிழ்ச் சனமெல்லாம் திரளும்போது கொடி பிடித்து முன்னால் போகிறவர். மகன் வேறு சபைக்குப் போனதை ஒருமாதிரி விழுங்கிக்கொண்டார். ஆனால் தன் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு அவன் வீடு வீடாய் ஏறி இறங்கப் போகிறான் என்று தெரிந்த அன்றைக்கு மகனோடு கதைப்பதை நிறுத்தியவர்தான். விமான நிலையத்துக்கும் வரவில்லை. பங்குச் சனத்திடம், "மோன் லண்டனில மேல்படிப்புப் படிக்கிறான்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

தாய் இம்மாகுலேற் கெஞ்சிக் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கட ஆக்களின்ர வீடுகளுக்கு மட்டும் போயிடாதை ராசா. அப்பா பொய்யனாப் போவார்." மேர்வினும் தலையை ஆட்டிவிட்டு வந்தான். வந்து சேர்ந்ததும், தமிழ் பேசத் தெரிந்த ஊழியன் கிடைத்துவிட்டான் என்று மகிழ்ந்த சபைப் பொறுப்பாளர் அவனைக் கொண்டுபோய்க் கோலியர்ஸ் வுட்டில் விட்டார்.

ஆகவே அவன் ஒரு பழக்கம் பழகியிருக்கிறான். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தாலோ, கண்ணாடிக் கதவுக்கு மேல் மாதாவோ பிள்ளையாரோ தென்பட்டாலோ, வலது கை தானாக எழுந்து பெயர்ப்பட்டையைப் பொத்திக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு யாரோ தேசிய கீதம் பாடுகிறார்கள் போலிருக்கும். திங்கட்கிழமை ஊழியர்களுக்கு ஓய்வு நாள். உடுப்புக் கழுவலாம், வீட்டோடு காணொளியில் பேசலாம். அந்தப் பேச்சுக்கு முன் பட்டையைக் கழற்றிக் கவனமாகச் சட்டைப் பைக்குள் போடுவான். எந்தத் திங்களும் அதைப் பார்க்க அப்பா வந்ததில்லை. "அப்பா வேலைக்குப் போட்டார்" என்று அம்மா சொல்லும்போது, பின்னால் அப்பாவின் இருமல் கேட்கும். அந்த இருமலுக்காகவே அவன் பேச்சை இன்னும் கொஞ்சம் இழுப்பான்.

ஒரு புதன்கிழமை பின்நேரம் அவனுடைய செபம் கேட்கப்படவில்லை. கதவைத் திறந்தவர் மேரிறோஸ். முதியோர் இல்லத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து சீருடையோடே நின்றார். ஜென்சன் தன் இரண்டு சொல்லையும் எடுத்து விட்டான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பிமார். தேத்தண்ணி போடுறன்."

இங்கே இரண்டு சிக்கல். இந்தச் சபைக்காரர் தேநீர் குடிப்பதில்லை. தவிர, பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் ஊழியர்கள் போகக்கூடாது. இன்னொரு ஆண் வீட்டில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதைக் கேட்க ஜென்சன் நல்ல பணிவான வாக்கியம் ஒன்று வைத்திருக்கிறான். மேர்வின் அதைத் தமிழில் கேட்டான்.

"அன்ரி, வீட்டில ஆம்பிளையள் ஆரும் நிக்கினமோ?"

கேட்டு முடித்த பிறகுதான், அது கள்ளர் கேட்கிற கேள்வி என்பது அவன் காதுக்கே எட்டியது. மேரிறோஸின் சிரிப்பு நின்றது. ஜென்சன் மட்டும், காரியம் நன்றாகப் போகிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"இல்லாட்டி என்ன செய்யப் போறீர்?"

"இல்லை அன்ரி... இல்லாட்டி நாங்கள் வரமாட்டம்."

"இருந்தால் வருவீரோ? இதென்ன புதுக் கதை?" மேரிறோஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். பார்வை நெஞ்சில் இருந்த கையில் வந்து நின்றது. முதியோர் இல்லத்துப் பழக்கம் விடவில்லை. குரல் சட்டென்று மாறியது. "ஏன் தம்பி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? நோகுதோ? வேர்க்குது வேற. கையை எடும் பாப்பம்."

எடுத்தான்.

"சவிரிமுத்து..." மேரிறோஸ் எழுத்துக் கூட்டி வாசித்தார். "எந்தச் சவிரிமுத்து?"

மன்னாரில் சவிரிமுத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஏதாவதொன்றைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் மேர்வினுக்குப் பொய்யும் உண்மையும் ஒரே அளவு தடக்கித்தான் வரும். அன்றைக்கு முந்தி வந்தது உண்மை.

"வூப்பர்டால் சவிரிமுத்து, அன்ரி. இம்மாகுலேற்றின்ர மனுசன்."

"ஐயோ என்ர மாதாவே! நீ எங்கட இராயப்பர் சவிரிமுத்தின்ர மோனோ!"

அதன் பிறகு அவர் 'நீர்' போடவில்லை. ஊரில் பெரிய வெள்ளிக்கு நடக்கும் பாடுகளின் நாடகத்தில் சவிரிமுத்து இயேசுவின் முதற்சீடர் இராயப்பராக வந்த கதையை வாசற்படியில் நின்றே சொன்னார். இயேசுவைத் தெரியாது என்று இராயப்பர் மூன்று தரம் மறுதலிக்க வேண்டும். "ஒருக்காவும் வாய் திறபடேல்லை பிள்ளை. வேலைக்காரியா வந்து கேக்கிறவள் கேட்டுக் களைச்சுப் போனாள். சேவலும் கூவிப்போட்டுது. மனுசன் மரமா நிக்கிறார். திரைக்குப் பின்னால நிண்டு, நாடகம் பழக்கின அண்ணாவியார் திட்டுற திட்டு முன்வரிசைக்கும் கேக்குது. பிறகு ஏனெண்டு விசாரிச்சால், தெரியாதெண்டு சொல்ல வாய் வரேல்லையாம்."

மேர்வின் சிரித்தான். லண்டனுக்கு வந்த பிறகு முதற்தடவையாக வயிறு நோகச் சிரித்தான். கதவு கதவாய்த் தான் வாயடைத்து நிற்பது பரம்பரைச் சொத்து என்று அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"நீ படிக்க வந்திருக்கிறாயெண்டெல்லோ நான் கேள்விப்பட்டனான்?" என்றார் மேரிறோஸ்.

சிரிப்பு அதோடு போயிற்று. "அப்பா என்னோட கதைக்கிறேல்லை, அன்ரி" என்று மட்டும் சொன்னான்.

மேரிறோஸ் உள்ளே போய் நெஸ்டமோல்ட் மாவைப் பாலில் கரைத்துக் கொண்டுவந்தார். அதற்குச் சபையில் தடையில்லை. ஜென்சன் இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கினான். போகும்போது, "கொம்மாவின்ர நம்பர் என்னட்டை இருக்கு. நான் கதைக்கிறன்" என்றார் மேரிறோஸ். மேர்வின் வேண்டாம் என்று சொல்வதற்குள் கதவு சாத்தியாயிற்று.

அந்த வாரத்தின் மிச்சம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லண்டனில் ஓர் ஆளைக்கூடச் சபைக்குக் கொண்டுவரவில்லை, வூப்பர்டாலில் ஓர் ஆளை முதல் வாங்கிலிருந்து எழுப்பிவிட்டேன் என்று தன் ஊழியத்துக்குத் தானே கணக்குப் பார்த்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாமா என்றும் யோசித்தான். ஆனால் எங்கே போவது? போகிற இடத்திலும் அப்பாதானே இருக்கிறார்! உள்ளதைச் சொன்னால் அவனுக்கு அப்பா வேண்டும். திட்டுகிற அப்பா என்றாலும் போதும்.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டைகளெல்லாம் சலவை இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. மேர்வின் பழைய மஞ்சள் பந்தாட்டச் சட்டையோடு சமையலறையில் இருந்தான். சோடி கண்ணில் தெரிய வேண்டுமே. ஜென்சன் அடுப்படியில் உருளைக்கிழங்கு பொரித்தான். அழைக்கும் நேரம் வந்தபோது மேர்வின் மேசையில் கிடந்த பெயர்ப்பட்டையை எடுத்தான். இனி ஒளித்து என்ன? பந்தாட்டச் சட்டையிலேயே ஒட்டினான். ஜென்சன் திரும்பிப் பார்த்து, ஓய்வு நாளில் இவ்வளவு பக்தி தேவையில்லை என்றான்.

திரையில் அம்மா வந்தார். "மேரிறோஸ் போன் எடுத்தவ. எல்லாம் சொன்னவ. ஆம்பிளையள் நிக்கினமோ எண்டு கேட்டதையும் சொன்னவ."

"அப்பா?"

"பக்கத்தில இருந்து கேட்டவர். நேற்றுப் பூசை முடிய, ஆக்கள் வழமையாக் கேக்கிறதுபோல, மோன்ர படிப்பு எப்பிடியெண்டு கேட்டவை. இந்த மனுசன் பேசாமல் நிண்டது ராசா. எவ்வளவு நேரம்! பிறகு, 'அவன் படிக்கேல்லை' எண்டு மட்டும் சொல்லிப்போட்டுக் காருக்குப் போட்டார்."

மேர்வின், "மன்னிச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ அம்மா" என்றான். பின்னால் இருமல் கேட்டது. திரை ஆடியது, கூரை தெரிந்தது, அம்மாவின் காது தெரிந்தது, பிறகு ஒரு நெற்றியும் அரை மூக்குக் கண்ணாடியும் வந்து நின்றன.

அடுப்படியில் எண்ணெய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நிலைமையின் கனம் தெரியாத ஜென்சன் கரண்டியைத் தூக்கிக் காட்டி, "வணக்கம், சுகமோ?" என்றான்.

"ஓம், சுகம்" என்றார் அப்பா, வாய் தவறி. பிறகு மகனைப் பார்த்தார். கண்கள் மஞ்சள் சட்டைக்கு இறங்கின.

"சரிஞ்சு கிடக்கு."

"எது அப்பா?"

"என்ர பேர்."

மேர்வின் குனிந்தான். மெல்லிய துணியில் பட்டை நிற்கவில்லை. ஒரு பக்கம் தொங்கியது. திரையில் தெரியும் தன்னைப் பார்த்துத் திருத்தினான். இன்னும் சரிந்தது.

"மற்றப் பக்கம்."

அவசரத்தில் காந்தம் வழுகியது. பட்டை முன்னிலும் மோசமாகத் திரும்பிக்கொண்டது. வேதம் சொல்ல வந்தவனுக்குப் பெயரை நேராய் ஒட்டவும் தெரியவில்லை.

"சீ, விடு" என்று உச்சுக்கொட்டியபடி சவிரிமுத்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு அவருடைய சுட்டுவிரல் எழுந்தது. திரையில் பெரிதாகி, இன்னும் பெரிதாகி வந்து, மகனின் நெஞ்சில் இருந்ததை அங்கிருந்தே மெல்ல நிமிர்த்தப் பார்த்தது.