லிஃப்ட்காரர் வீட்டு ரத்தம்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு வாய் கொஞ்சம் நீளம். நாற்பது வயதுகூட ஆகாத மகளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்: "எல்லாம் உங்க வீட்டு ரத்தம்டி. உன் அக்கா எந்தச் சீக்குல போனா?" மகளுக்கு ஆபரேஷன் முடிந்து ஓராண்டாகியும் அவர் விட்டபாடில்லை. பக்கத்து வீடு, டீக்கடை என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தார். போனில் கேட்ட அவருடைய அக்காவும் ஒத்து ஊதினாள்.

மகளின் மரபணுவில் பழுது என்று தெரிந்ததும் மனைவிக்கும் சோதித்தார்கள்; அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. "முதல்ல அந்த மெஷினைச் சரிபார்க்கச் சொல்லு" என்றார். தன் ரத்தத்தையும் சோதனைக்குக் கொடுத்ததே தன் பக்கம் பழுதில்லை என்று நிரூபிக்கத்தான். அடேயப்பா, மனுஷனுக்கு எத்தனை நம்பிக்கை!

முடிவு சொல்லும் நாளில் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்தார்.

"உங்க லிஃப்ட் ஒரே கயித்துலயா தொங்குது?"

"அதெப்படிங்க? ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கணும்ல!"

"இந்த மரபணுவும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு இருக்கும். அப்பா தந்தது ஒண்ணு, அம்மா தந்தது ஒண்ணு. உங்க மகளுக்குப் பிறக்கும்போதே ஒண்ணு பழுது. வயசு ஏற ஏற ஏதாவது ஒரு செல்லுல இன்னொண்ணும் கெட்டா, அப்புறம் தாங்க ஆளில்ல. மத்தவங்களுக்கு ரெண்டுமே கெடணும், அதான் வாய்ப்பு கம்மி."

"பழுதானது யாரு தந்தது?" கேட்டது மனைவி.

"அப்பா."

"எனக்கு ஒண்ணும் வரலையே?" என்றார் அவர்.

"ஆம்பளைங்களுக்கு மார்புல வர்றது அபூர்வம். ஆனா வயசு கூடக்கூட நீங்களும் சில பரிசோதனை பண்ணிக்கணும். உங்க அக்காவுக்கும் இது இருக்கலாம். இன்னைக்கே சொல்லிடுங்க."

அவர் கூனிக் குறுகிப்போனார். மனைவி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளோ அவருடைய அக்காவின் வயது எத்தனை என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வராந்தாவிலேயே நின்று, ஸ்பீக்கரைப் போட்டு அக்காவை அழைத்தார்.

"அக்கா, இந்தச் சீக்கு நம்ம பக்கத்துலேருந்துதான் வந்திருக்கு. என்கிட்டேருந்து. நீயும் டெஸ்ட் எடுக்கணும்."

"போடா! உன் பொண்டாட்டி சொல்லிக்குடுத்தாளா? அவ வீட்டுச் சீக்கை நம்ம தலையில கட்டப் பார்க்கிறாளா?"

லைன் துண்டிக்கப்பட்டது. மறுபடி மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

"விடுங்க, நான் பேசுறேன்" என்று மனைவி தன் போனை எடுத்தாள். "என் போனை எடுப்பாங்க. திட்டுறதுக்காவது எடுப்பாங்க."

முதல் மணியிலேயே எடுத்தாள் அக்கா. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். எல்லாம் அவர் ஊட்டிய வார்த்தைகள். போனை வாங்கிப் பேச அவருக்கு முகமில்லை.

"திட்டி முடிங்க அண்ணி, இருக்கேன்" என்றாள் மனைவி. "ஆனா நாளைக்குக் காலையில டெஸ்டுக்கு வந்துடுங்க. நானே கூட வர்றேன்."