மாத்திரைக்கு லீவு

எல்லப்பன் லீவு போட்டான் என்று யாராவது சொன்னால் மண்ணூரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். எங்கள் கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷின். மழை, காய்ச்சல், மச்சினன் கல்யாணம், எதுவும் அவனை நிறுத்தாது. ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்ததற்காகக் கம்பெனி கொடுத்த எவர்சில்வர் குடம் அவன் வீட்டு அலமாரியில் தண்ணீரையே காணாமல் உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்ட ஆளோடு வேலை செய்வது பெரிய இம்சை. சூப்பர்வைசர் எங்களைத் திட்டும்போதெல்லாம் அவனைக் காட்டித்தான் திட்டுவார்.

நல்லவன்தான். ஆனால் பெண்டாட்டியிடம் நாலு வார்த்தை நன்றாகப் பேசத் தெரியாதவன். அவள் பெயர் அம்சவல்லி. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். சாயங்காலமானால் கால் வீங்கும். 1991 தொடக்கத்தில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனோம். நானும் போனதற்குக் காரணம், டாக்டர் முன்னால் எல்லப்பனுக்கு வாய் எழாது.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. குட்டியாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"உங்க கம்பெனிக்கு என்னிக்கு லீவு?"

"சனி, ஞாயிறு சார்" என்றேன் நான். மின்வெட்டுக் காலம் அது. அந்த இரண்டு நாளும் எங்களுக்கு லைன் ஓடாது.

"அப்ப ஞாபகம் வச்சுக்கறது சுலபம். கம்பெனிக்கு லீவுன்னா மாத்திரைக்கும் லீவு."

எல்லப்பன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மாத்திரை அட்டையைக் காக்கிச் சட்டைப் பையிலேயே வைத்தான். ஷிஃப்டுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டியதும் ஒன்றைப் பிய்த்து அம்சவல்லியின் கையில் வைப்பான். அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு போடுவான். லீவு நாளில் காக்கிச் சட்டையும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. கொஞ்ச நாளில் அவள் கால் வீக்கம் வடிந்தது. தெருக்குழாயில் தானே தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.

மே மாதம் எங்களுக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உலகத்துக்கே தெரியும். பஸ் இல்லை, கம்பெனி கேட்டும் பூட்டிக் கிடந்தது. அந்த நாட்களில் மாத்திரையும் நின்றுபோய் அம்சவல்லிக்கு மறுபடி மூச்சு வாங்கியது. ஊரே கலங்கிக் கிடந்ததால் அதுவும் ஒரு கலக்கம் என்று விட்டுவிட்டோம்.

கம்பெனி திறந்ததும், விட்டுப்போன உற்பத்தியைப் பிடித்தாக வேண்டும் என்றார்கள். ஜெனரேட்டர் வந்தது. சனி, ஞாயிறு லீவு ரத்து, எல்லாருக்கும் ஓ.டி. நாங்கள் முணுமுணுத்தோம்; எல்லப்பனுக்குக் கொண்டாட்டம். வாரக்கணக்கில் லீவே இல்லாமல் வேலை ஓடியது. காக்கிச் சட்டையைத் தினமும் மாட்டினான். மாத்திரையையும் தினமும் கொடுத்தான்.

ஆடி பிறக்கும் சமயம் அம்சவல்லிக்குச் சோறு பிடிக்காமல் போனது. ஓயாத குமட்டல். ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இன்னாயா, சோறு மஞ்சளா கீது?" என்றாள். சுவரும் மஞ்சளாம், அவன் வேட்டியும் மஞ்சளாம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. எல்லப்பன் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தான். "கண்டதத் துன்னுகினு இருந்தா இப்டித்தான்" என்று திட்டவும் செய்தான். மாத்திரையை மட்டும் மறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் குழாயடியில் அவள் சுருண்டு விழுந்தாள். வாடகைக் கார் பிடித்து அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாடி மெதுவாக, நடுநடுவே விட்டுவிட்டு அடித்தது. அதே டாக்டர் நர்ஸிடம் கால்சியம் பற்றி ஏதோ சொன்னார். அந்த ஒரு வார்த்தை எல்லப்பன் காதில் விழுந்ததுதான் தாமதம், கட்டிலைப் பார்த்துக் கத்தினான்.

"கால்சியம்னா சுண்ணாம்புதானே? வெத்தலைக்கு அவ்ளோ சுண்ணாம்பு தடவாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! கேட்டியா நீ?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அம்சவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"சுண்ணாம்பெல்லாம் இல்லைங்க. மாத்திரை எப்படிக் குடுத்தீங்க?"

"ஒரு நாள் தவறல சார்."

"சனி, ஞாயிறு?"

"கம்பெனிக்கு லீவே வுடலியே சார்."

டாக்டர் கையை மடக்கி விரித்துக் காட்டிச் சொன்னார். "இதயத் தசைக்குள்ள கால்சியம் ஏறினா அது சுருங்கும். மறுபடி விரியணும்னா ஏறினதைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பணும். சும்மா தளர்ற மாதிரிதான் இருக்கும், ஆனா அதுக்கும் சக்தி செலவாகுது."

"பிரஸ் மாதிரி சார். எறங்கறதுக்கு மட்டுமில்ல, ஏர்றதுக்கும் கரண்ட் வேணும்" என்றான் எல்லப்பன்.

"ஆமா. இந்த மாத்திரை கொஞ்சம் கால்சியத்தை உள்ளயே தங்க வைக்கும், அதனால இதயம் நல்லாப் பிடிச்சு அடிக்கும். மாத்திரை அளவு மீறிச்சுன்னா, அளவுக்கு மேல தங்கிப் போய் தாளம் தப்பும். உடம்புல சேர்ந்த மருந்து கழியத்தான் அந்த ரெண்டு நாள். லீவு உங்க கம்பெனிக்கு இல்லைங்க, அவங்க நெஞ்சுக்கு."

அவள் பிழைப்பாளா என்று நான்தான் கேட்டேன். மருந்தை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்.

எல்லப்பன் வராந்தாச் சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டான். "கத்தி எடுத்துக் குத்தினவன்கூட ஒரே வாட்டிதாண்ணா குத்துவான். நான் தெனம் குடுத்துகினு, முழுங்கறாளான்னு வேற பாத்துகினு இருந்தேன்" என்றான்.

அதன் பிறகு கம்பெனிப் பக்கமே அவன் போகவில்லை. கட்டில் காலடியில் உட்கார்ந்து அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் பக்கத்துக் கட்டில்காரிகளும் அம்சவல்லிக்கே புத்தி சொன்னார்கள், இனிமேல் வெற்றிலையைத் தொடாதே, சுண்ணாம்பால் வந்த வினை பார் என்று. அவள் சரி என்று தலையை ஆட்டினாள். எல்லப்பன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவனை ஓர் அறை விடலாம் போல வந்தது. உண்மையை நானே சொல்லியிருப்பேன். ஆனால் அது அவன் வாயால் வர வேண்டியது.

நாடி மெல்ல ஒழுங்குக்கு வந்தது. சோறு வெள்ளையாகத் தெரிகிறது என்று அவள் சொன்ன அன்று டாக்டரே சிரித்தார். வீட்டுக்கு அனுப்பினார்கள். பூந்தமல்லியில் பஸ் மாறி உட்கார்ந்தோம். திடீரென்று எல்லப்பன் ஆரம்பித்தான்.

"அம்சா, சுண்ணாம்பு இல்ல அது. மாத்திரைதான். வாரத்துல ரெண்டு நாள் நிறுத்தணும், நான் நிறுத்தல. நான்தான் உன்ன இப்டிப் பண்ணது."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "தெரியும்யா."

"இன்னா தெரியும்?"

"அத்த முழுங்கின அப்பாலதான் வவுத்தப் பெரட்டும். என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"அப்போ வேணாம்னு சொல்றதுக்கு இன்னா? துப்பித் தொலைக்கறதுக்கு இன்னா?" அவன் குரல் உயர்ந்தது. பஸ்ஸில் நாலு பேர் திரும்பினார்கள்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து நீ என் கைல குடுத்தது அது ஒண்ணுதான்யா" என்றாள் அம்சவல்லி. "அத்தப் போயி எப்டி வேணாம்னு சொல்வேன்?"

எல்லப்பன் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். கண்டக்டர் வந்து நின்றார். அவன் தலை நிமிரவில்லை. மூன்று பேருக்கும் நானே டிக்கெட் வாங்கினேன்.