முக்கால் அடி ஏறிய பெஞ்ச் மார்க்

நடுத்தெருவில் ஸ்டாண்ட் போட்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிற சர்வேயரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. சக சர்வேயர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

சிவப்பு பெயின்ட்

சாரம் பகுதியில் ஒரு தெருவுக்குப் புது வாய்க்கால் போட லெவல் எடுக்கப் போனேன். முதலில் ஒரு பெஞ்ச் மார்க் வேண்டும். உயரம் தெரிந்த, அசையாத ஓர் இடம், அவ்வளவுதான். தெருவின் மற்ற உயரங்களை எல்லாம் அதை வைத்தே கணக்கிடுவோம். தனபால் என்பவர் வீட்டுக் கருங்கல் படி வாகாக இருந்தது. சிவப்பு பெயின்டில் அம்புக்குறி போட்டேன். பதறி ஓடிவந்தவர், ரோட்டை அகலப்படுத்த எவ்வளவு தூரம் இடிப்பீர்கள் என்று கேட்டார். இடிக்கவில்லை, உயரம் பார்க்கத்தான் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி சார். எதுக்கும் இத எதிர் வீட்டுல போட்டுக்குங்களேன்."

இறங்கிய வீடு

இரண்டு மாதம் கழித்து, வாய்க்காலின் அடிமட்டம் குறிக்கப் போனேன். தனபாலுக்குப் பக்கத்து வீடு ஜமீலா அம்மாவுடையது. தெருவிலேயே தாழ்ந்த வாசல். மழை என்றால் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிடுவார். வாய்க்கால் கொஞ்சம் உயர்ந்துவிட்டால் தெருத் தண்ணீர் மொத்தமும் அவர் வீட்டுக்குள்தான் போகும்.

தனபால் படியிலிருந்த அம்புக்குறியை வைத்து அவர் வாசலை அளந்தால் பழைய கணக்கைவிட முக்கால் அடி குறைகிறது. மூன்று முறை அளந்தும் அதேதான். வீடு மண்ணுக்குள் இறங்கியிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எங்க வீடு எறங்கல தம்பி. அவங்க வீட்டுப் படிதான் ஏறியிருக்கு."

கொத்தனாரின் அக்கறை

முன்பே உயரம் எடுத்து வைத்திருந்த தெருமுனை மதகில் அளந்தபோது அதுவும் முக்கால் அடி குறைந்தது. மதகுமா இறங்கும்? தனபால் படியை உயர்த்திக் கட்டியிருந்தார். ஆனால் புதுப் படியிலும் என் அம்புக்குறி இருந்தது, நான் போட்டதைவிட அழகாக. உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். எனக்கு நல்ல கோபம். அவருக்கோ முகமெல்லாம் பெருமை.

"கெவர்மென்ட் மார்க்காச்சே, அழிஞ்சிடக் கூடாதுன்னு நேரா மேல தூக்கி வரைஞ்சிட்டேன் சார்."

அசையாத இடம்

மதகை வைத்து வாய்க்கால் மட்டத்தைச் சரிசெய்தேன். வேலை முடிகிறவரை தெருவுக்குள்ளேயே ஒரு மார்க் வேண்டும். பார்த்தால் எதிர் வரிசையில் நான்கு வாசலில் படியை ஏற்றிக் கட்ட மணல் கொட்டிக் கிடந்தது. நான் பெயின்ட் டப்பாவோடு நிற்பதைப் பார்த்து ஜமீலா அம்மா தன் வாசலைக் காட்டினார்.

"இங்கயே போட்டுக்குங்க தம்பி. ஏத்திக் கட்ட எங்களுக்கு ஏது வழி."

ஆகவே சர்வேயர்களே, பெஞ்ச் மார்க் போடுமுன் கல் உறுதியா என்று பார்த்தால் மட்டும் போதாது, வீட்டுக்காரருக்குக் கொத்தனாரைக் கூப்பிட வசதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.