தாண்டவராயனின் பெட்ரோல் குச்சி

திருப்புலிவனத்துத் தாண்டவராயன் தன் பைக்குக்கு வயிறு நிறையப் பெட்ரோல் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். நஞ்சை நிலம், போர் மோட்டார், டிராக்டரில் பாதிப் பங்கு எல்லாம் உள்ள மனுஷர். காரணம் வேறு. அவருடைய மகள் ஜெயப்பிரியா வீட்டில் சொல்லாமல் பாஸ்கர் என்கிற நெசவுக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு, வாலாஜாபாத்துக்கும் அந்தப் பக்கம் தென்னேரிக்குப் போய்விட்டாள். அன்றைக்கே இவர் சட்டம் போட்டுவிட்டார்: இந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் அங்கே போகக் கூடாது. சட்டம் போட்டால் ஆயிற்றா, காவலுக்கு யார் உட்காருவது? அதற்குத்தான் பெட்ரோல்.

பஸ்ஸில் போக முடியாது. இவர் மனைவி ஆதிலட்சுமி வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் நாலு பேர் இவருக்குப் போன் போட்டுவிடுவார்கள். மிச்சம் இருப்பது பைக்தான். பையன் ஜெகன் ஓட்டுவான், அம்மாக்காரி பின்னால் உட்காருவாள். ஆகவே ஒரு வேப்பங்குச்சியைச் சீவி, அடியிலிருந்து கொஞ்சம் மேலே கத்தியால் ஒரு கோடு கீறினார். டாங்கில் விட்டு எடுத்தால் ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு வரைக்கும் இருந்தால் கழனிக்குப் போகலாம், உத்திரமேரூர் போய்த் திரும்பலாம், அதற்கு மேல் வண்டி நின்றுவிடும். இது அவருடைய மனக்கணக்கு. ஒருநாளும் ஓட்டிப் பார்த்துச் சரிபார்த்ததில்லை. மீட்டர் முள்ளும் செத்துப்போய்க் கிடந்தது.

உத்திரமேரூர் மெக்கானிக் தினேஷ்குமார் தலையில் அடித்துக்கொள்வான். டாங்க் காலியாகவே இருந்தால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும், அடியில் கிடக்கிற கசடெல்லாம் கார்புரேட்டருக்கு இறங்கும், எந்நேரமும் ரிசர்விலேயே ஓட்டினால் நிற்கப்போகிறது என்று வண்டி எப்படிச் சொல்லும், ஒருநாள் நடுரோட்டில் லாரிக்கு முன்னால் நின்று தொலைக்கும் என்று பாடமே எடுப்பான். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். வண்டிக்குத் துருப்பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் எண்ணம்.

குழப்பம் போன வைகாசியில் ஆரம்பித்தது. பூக்கட்டுகிற சொக்கம்மாள், அமாவாசையன்று ஆதிலட்சுமியை வாலாஜாபாத்தில் பைக்கில் பார்த்ததாகச் சொன்னாள். அமாவாசைதோறும் தாண்டவராயன் ஊர்க்காரர்களோடு வேன் பிடித்து மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடுவார், மறுநாள் காலையில்தான் திரும்புவார். போகும் முன் குச்சியை விட்டுப் பார்த்திருந்தார், கோடு. வந்ததும் விட்டுப் பார்த்திருந்தார், அதே கோடு. ஒரு மயிரிழை இறங்கவில்லை. பெட்ரோல் குறையாமல் வாலாஜாபாத் போக அது என்ன புஷ்பக விமானமா? உனக்குக் கண் அவிந்துபோச்சு என்று சொக்கம்மாளிடம் சண்டைக்கே போனார்.

ஆனால் அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. பின் சக்கரத்தின் நடுக் குடத்தில் பச்சைப் பட்டு நூல் ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தது. அவர் வீட்டில் தறி ஏது? இன்னொரு அமாவாசை முடிந்து வந்தபோது ஆதிலட்சுமி தானாகவே சிரித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள், என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். தினேஷ்குமார் ஒருநாள் டாங்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முழித்தான்.

"இன்னா நைனா, துருவும் இல்ல கசடும் இல்ல. நல்லா ஓடிக்கினு இருக்கிற வண்டி மாதிரி கீது."

ஓடுகிறதா? எங்கே ஓடுகிறது? தாண்டவராயனுக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. குச்சிதான் ஊறிப்போய் ஏமாற்றுகிறதோ என்று புதுக் குச்சி சீவினார். அதுவும் அதையே சொன்னது. பங்க்கில் அளவு குறைக்கிறானா என்று போய்க் கத்திவிட்டு வந்தார். அளவு குறைந்தால் கோடும் குறைய வேண்டாமா என்று பாதி வழியில் தோன்றியது, திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. மனைவியை நேராகக் கேட்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். ஆமாம் என்றால் அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும்? அது அவருக்கே தெரியவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கோடு வரைக்கும் இருக்கும் பெட்ரோல் எங்கே தீருகிறதென்று தானே ஓட்டிப் பார்த்துவிடுவது. உத்திரமேரூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டால் சொக்கம்மாள் பொய், ஆதிலட்சுமி நிரபராதி, அவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார். உத்திரமேரூர் தாண்டியது. வண்டி நிற்கவில்லை. இதோ, இந்தப் புளியமரத்தில் நிற்கும், அந்த மதகில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே போனார். அது பாட்டுக்கு ஓடியது. பாலாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. வாலாஜாபாத்தும் வந்துவிட்டது. பங்க் கண்ணெதிரே இருந்தது, பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கலாம். போட்டால் சோதனை கெட்டுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நேரே விட்டார். எந்தச் சோதனை, யாருக்குச் சோதனை என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

தென்னேரிக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இருமியது. வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து, மூடியைத் திறந்து வாயால் ஊதி, உதைத்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனது. ஏரிக்கரையில் ஏறினதும் சுத்தமாக அடங்கிவிட்டது. ஒரு பக்கம் கடல் மாதிரி தண்ணீர், கீழே ஊர். இத்தனை மாதம் அவர் காவல் வைத்த கோடு, கணக்காக மகள் ஊர் வாசல்வரை வருகிற கோடாக இருந்திருக்கிறது. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது, எதற்கென்று தெரியவில்லை. பெற்ற மகளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது, அது தெரிந்தது.

அப்போது கரைமேல் ஒரு மொபெட் வந்தது. வந்தவன் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பைக்கைத்தான் பார்த்தான். பாஸ்கர்! காலை ஊன்றி நின்றான். பிறகு மொபெட் பையிலிருந்து டியூபை எடுத்து, தன் வண்டியிலிருந்து தண்ணி பாட்டிலில் பெட்ரோலை இறக்கி, இவர் டாங்கில் ஊற்றினான். ஊற்றிவிட்டுப் பையில் மறுபடி கையை விட்டான். ஒரு வேப்பங்குச்சியை எடுத்து டாங்கில் விட்டுப் பார்த்தான்.

தாண்டவராயன் அதைப் பிடுங்கினார். அவருடைய குச்சியின் அதே நீளம். அதே இடத்தில் அவருடைய கோடு. அதற்கு மேலே விரலகலம் தள்ளி இன்னொரு கோடு.

"இன்னாது இது?"

"கீழ இருக்கிறது உங்க கோடு மாமா. மேல இருக்கிறது இங்கேர்ந்து உங்க வூட்டுக்குப் போற செலவு. அது வரைக்கும் ஊத்தி அனுப்புனா, போய்ச் சேரசொல்ல சரியா உங்க கோட்டுல வந்து நிக்கும். ஜெகன் அளவு கொண்டாந்து குடுத்தான், பிரியாதான் கீறினா. அத்தை மாட்டிக்கக் கூடாதுன்னு."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். எத்தனை மாதமாக என்னை முட்டாளாக்கினீர்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எத்தனையோ இருந்தன. மேல் கோட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். அவள் கீறினது. சின்ன வயதில் பென்சில் சீவினாலும் அவளுக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

"வூட்டுல நாஷ்டா இன்னா?" என்றார்.

பாஸ்கருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "இட்லி... வடகறி" என்றான்.

"வடகறி எனக்குச் சேராது."

"சட்னி அரைக்கச் சொல்றேன் மாமா" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றான்.

தாண்டவராயன் குச்சியைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு வண்டியை உதைத்தார். ஒரே உதையில் கிளம்பியது. ஆனாலும் உடனே நகரவில்லை. மொபெட் முன்னால் போகட்டும் என்று நின்றார். மகள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.