பாத்திரம் தேய்க்கிற வாசல்

வீடு விற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று தொண்ணூறுகளின் கடைசியில் நான் உறுதியாக நம்பினேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஸ்கூட்டரில் சுற்றிய பெண் புரோக்கர், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். டீக்கடையில் நிற்கும் ஆண் புரோக்கர்கள், "மேடம் வந்துட்டாங்கப்பா, நாம கடையைக் கட்டிட வேண்டியதுதான்" என்று கிண்டலடிப்பார்கள். தாராளமாகக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

அப்போதுதான் பூங்காவை ஒட்டிய அந்த வீடு விற்பனைக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. சிவப்பு சிமெண்டுத் தரை, மங்களூர் ஓடு, ஜன்னல்களுக்கு மேல் சாய்வாக இறக்கிய மரத் தடுப்பு. தெற்கே பார்த்த பெரிய வாசலில் நின்றால் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்கள் நேராகத் தெரியும். எனக்கு அது புது வீடில்லை. அம்மா அங்கே இருபது வருஷத்துக்கு மேல் பாத்திரம் தேய்த்தவள். சின்ன வயதில் அவள் பின்னாலேயே நானும் போவேன்.

நாங்கள் நுழைந்தது பெரிய வாசல் வழியாக அல்ல. பக்கத்துச் சந்தில், கிழக்குச் சுவரில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் ஒரு மூலையில் குழாய், தேய்க்கிற கல், வீட்டுக்குள் ஏற ஒரே ஒரு படி. அந்தப் படி கொஞ்சம் அதிக உயரம். நான் விரலை இடித்துக்கொள்ளாத நாளில்லை. "படி உசரம், பாத்து வா" என்று அம்மா தினமும் சொல்வாள். பெரிய வாசல் பக்கம் வரக் கூடாது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் மைசூரில் மகளோடு போய் இருக்க முடிவு செய்திருந்தார். ஒரு பில்டர் ஏற்கெனவே வந்து பார்த்திருந்தான். வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது அவன் திட்டம்.

"இடிக்காத ஆளாப் பாரும்மா. மாசக் கடைசி வரைக்கும்தான் டைம். கெடைக்கலேன்னா அவன்கிட்டயே குடுத்துடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"வீடு நிக்கும்மா, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையடித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "அந்த வூட்டுக்குள்ள முன்வாசல் வழியா ஒருவாட்டி என்னைக் கூட்டிட்டுப் போ. இத்தினி வருசத்துல போனதே இல்ல" என்றாள். ராணி மாதிரி கூட்டிப்போகிறேன் என்றேன்.

ஆறு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறும் பூங்காவைப் பார்த்து வாயைப் பிளந்தன. பிறகு "தெற்கு வாசலா?" என்று கேட்டுவிட்டு வண்டியேறின. எமன் திசையாம். மாசம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பில்டரின் ஆட்கள் டேப்பைப் பிடித்து காம்பவுண்டை அளந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டரைச் சந்தில் நிறுத்தினேன். கிழக்குக் கதவின்மேல் பளிச்சென்று வெயில் விழுந்துகொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். தினமும் வந்துபோன வாசலை நானே மறந்திருக்கிறேன்!

இனி வருகிறவர்களைக் கிழக்கு வாசல் வழியாகவே அழைத்துவருகிறேன் என்றதும் வீட்டுக்கார அம்மாள் கொதித்துவிட்டார். "பாத்திரம் தேய்க்கிற வழியாவா வர்றவங்களைக் கூட்டிட்டு வருவே?"

"அந்த வழியாத்தாம்மா நாங்க வந்தோம். எங்களுக்கு ஒண்ணும் ஆயிடல."

 அவர் எழுந்துபோய் அந்தக் கதவின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏழாவதாக வந்தவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் கன்னடக்காரக் கணவன் மனைவி. கூடவே கணவனின் அப்பா, கையில் திசைகாட்டியோடு. சந்து வழியாக அழைத்துப்போனேன். பெரியவர் கதவில் திசை பார்த்தார். உள்ளே வந்து குழாயடியில் மறுபடி பார்த்தார். ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்கிறது என்று, அம்மா கரி தேய்த்த கல்லுக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "இதன்னே மும்பாகிலு மாடி" என்றார் மகனிடம். இதையே முன்வாசல் ஆக்கிவிடுங்கள் என்று அர்த்தம். வீடு பிழைத்தது.

கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அம்மா தன் ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டோ பூங்காப் பக்கம் நின்றபோதுதான் நானும் பார்த்தேன். தெற்கு வாசலைப் பாதி உயரத்துக்குச் சுவர் எழுப்பி ஜன்னலாக்கியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவளும் நான்தான், அந்த வாசலை அடைக்க வைத்தவளும் நான்தான். "இனிமே சந்து வாசல்தாம்மா முன்வாசல்" என்றேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அம்மா அந்த ஜன்னலை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் சந்துக்குள் நடந்தாள்.

கிழக்குக் கதவில் மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் வாழைமரம். மைசூரிலிருந்து வந்திருந்த பழைய வீட்டுக்கார அம்மாள் அங்கே தயங்கி நின்றார். அந்த வழியாக அவர் தன் வீட்டுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. காலை எடுத்து வைத்தார், இடித்துக்கொண்டு தடுமாறினார். அம்மா சட்டென்று போய் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"படி உசரம்மா, பாத்து வாங்க."