கிளீனர் பக்கத்து விளக்கு

எங்கள் காருக்கு என்னைவிட வயது அதிகம். உருண்டை மூக்கு, கதவைச் சாத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதனால் இந்த வீட்டில் நான் இரண்டாவதுதான். இதைச் சொல்லிச் சண்டை போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது.

அந்தக் காரில் இண்டிகேட்டர் போட்டால் தானாக அணையாது. டிக் டிக்கென்று மெல்லிய சத்தம் வரும், அதைக் கேட்டு நாம்தான் அணைக்க வேண்டும். அவருக்கோ காது மந்தமாகி மூன்று வருடம் இருக்கும். ஒத்துக்கொண்டால்தானே! டிவியில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்பார். பேத்தி போனில் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்பார். "நீ எதுக்கு முதுகக் காட்டீட்டுப் பேசற?" என்று என்னையே மடக்குவார். அப்படியொரு வீம்பு.

போன தை மாதம் திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வலது இண்டிகேட்டர் எரிய எரிய வண்டி நேராகப் போகிறது. "அணைங்க, அணைங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் விழவில்லை. நாங்கள் வலப்பக்கம் திரும்பப் போகிறோம் என்று நம்பி, பின்னால் வந்த மொபெட்காரர் இடப்பக்கமாக ஏறி வந்தார். அதே நேரம் இவரும் இடப்பக்கம் ஒதுங்கினார். மயிரிழையில் தப்பினோம். அந்த மனிதர் மண்ணில் இறங்கி நின்று எங்களைத் திட்டியதெல்லாம் நியாயம்தான்.

சங்கதி தெரிந்ததும் மகள் போனில் ஒரே பிடியாக நின்றாள், வண்டியை விற்றுவிடச் சொல்லி. எனக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது. "ஒண்ணு, கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு லைட்டு மாட்டுங்க. இல்லீனா சாவியக் குடுத்துருங்க" என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால், துடைத்த காரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பாவமாகப் போய்விட்டது. முழங்கால் வலியில் மலைக்கோயில் படி ஏறுவதை விட்டாச்சு, சைக்கிளை விட்டாச்சு. இதையும் பிடுங்கினால் மனிதர் என்னதான் செய்வார்?

நாமக்கல்லில் லாரிக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன் ஒருவரை வரச் சொன்னோம். நாற்பது வயதிருக்கும், பிறந்ததிலிருந்து லாரியைத் தவிர வேறெதிலும் கை வைத்ததில்லையாம். "இதுல என்னங்கக்கா இருக்குது, அரை மணி நேரம்" என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவர், வெயில் சாயும்வரை வெளியே வரவில்லை. இண்டிகேட்டர் போட்டால் கூடவே விட்டுவிட்டு எரிகிற ஒரு மஞ்சள் லைட்டு, அதை மாட்டுவதுதான் வேலை. நான் டீ போட்டு எடுத்து வந்து பார்த்தால், அது என் சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது!

"ஏனுங்க தம்பி, வண்டி ஓட்டறது அவரா, நானா?"

எட்டிப் பார்த்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! கிளீனர் பக்கம் வெச்சுப்புட்டனுங்கக்கா. லாரில ஓரம் பாத்துச் சொல்றது கிளீனருங்க. டிரைவரு ரோட்டத்தான் பாப்பாரு. அதனால நம்ம பட்டறையில இந்த மாதிரி லைட்டெல்லாம் கிளீனருக்கு முன்னாலதானுங்க மாட்டுவோம். கை தானா அங்க போயிருச்சு."

தகரத்தில் இரண்டு ஓட்டை! சாமி படம் ஒட்டக்கூட என் வீட்டுக்காரர் விடாத டேஷ்போர்டு அது. எலக்ட்ரீஷியன் அவசரமாக ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

அதற்குள் அவரே வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் பேசியது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. இண்டிகேட்டரைப் போட்டார். என் முன்னால் லைட்டு எரிந்து எரிந்து அணைந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கழட்டாதீங்க தம்பி. அங்கயே இருக்கட்டும்."

"அங்க இருந்தா உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?" என்று நான் கத்தினேன். "ஒவ்வொரு தடவையும் நான் தொண்ட கிழியச் சொல்லோணுமாக்கும்?"

"சொல்ல வேண்டாம், அம்மிணி." குரல் இறங்கிப்போயிருந்தது. "எனக்குக் காது கேக்கறதில்ல. எரியறதப் பாத்தீன்னா என் கையத் தொடு, போதும்."

மூன்று வருடமாக நான் மல்லுக்கட்டியும் வராத வார்த்தை அது. எலக்ட்ரீஷியன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் என் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் இருந்த அவர் கையைத் தொட்டேன். அவர் இண்டிகேட்டரை அணைத்தார்.