இடது கை ஒரு விரல் நீளம்

நான் நாலாவது வரைக்கும் படித்தவன். அதையும் ஒழுங்காக முடிக்கவில்லை. ஆனாலும் இந்தத் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட சலவைக்கடை என்னுடையது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருப்பதும் என்னுடையதுதான். யாரும் கைதூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. சைக்கிளில் மூட்டை கட்டி வீடு வீடாக ஏறி இறங்கினவன். இன்றைக்குக் கோட்டு சூட்டுப் போட்டவன்கூட என் கவுன்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இப்போது எழுத உட்கார்ந்தது என் அண்ணியைப் பற்றி. அண்ணி போய் ஏழு மாதம் ஆகிறது. அவருடைய மகள் வெளியூரிலிருந்து வந்து கடையின் பின்னறையில் அம்மாவின் சாமான்களை எடுத்து அடுக்கும்போது, பெரிய மேஜைக்கு அடியில் ஒரு கட்டு பழுப்புத் தாள் கிடைத்தது. துணி கட்டிக் கொடுப்போமே, அந்தத் தாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு உடுப்பின் உருவம். கை, கழுத்து, பொத்தான் எல்லாம் இருக்கிறது. எழுத்து மட்டும் ஒன்றுகூட இல்லை.

"என்ன சித்தப்பா இது? அம்மா தையல் கத்துக்கிட்டாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ என்னன்னு எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் எழுத வருமே" என்றாள். கிண்டலா நிஜமா தெரியவில்லை. எதுவானாலும், எழுதினால் முழுசாக எழுத வேண்டும். அதனால்தான் ஏழு மாதம் தள்ளிப்போட்டேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினோரு வயது. அண்ணன் லாரியில் சரக்கு ஏற்றி இறக்கினவன். நெஞ்சில் சளி கட்டி, குழந்தைக்கு மூன்று வயதாகும்போது போய்விட்டான். அண்ணி யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. நாலு வீட்டில் துணி துவைத்துக் குழந்தையை வளர்த்தார். நான் கடை போட்டபோது, வாங்க அண்ணி, நம்ம கடையிலேயே துவைக்கலாம் என்று கூப்பிட்டேன். அண்ணிக்கு நான்தான் வேலை கொடுத்தேன் என்று பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் முதல் மூன்று வருஷம் அந்தக் கடையில் நானும் அண்ணியும் மட்டும்தான் இருந்தோம். நான் சுமந்தேன், அவர் துவைத்தார். இந்த இரண்டாவது பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எந்நேரமும் தண்ணீரில் கிடந்து அவர் விரல்கள் ஊறிப்போயிருக்கும். கடை ஆட்கள் முதுகுக்குப் பின்னால் 'ஈரக்கை அண்ணி' என்பார்கள். அண்ணிக்கும் தெரியும். இஸ்திரி போடுகிறவர் நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். அவர் ஒரு நாள், உங்க கை எப்பதான் அண்ணி காயும் என்று சீண்டினார். "உன் கல்யாணத்தன்னிக்குக் காய வச்சுக்கறேன், அவசரம் இல்லையே" என்றார் அண்ணி. அந்த மனிதர் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணும் தெரியாது. கம்பளித் துணி எல்லாம் அவர் பொறுப்பு. யாருடையது எது என்று தெரிய அவர் ஒரு வழி வைத்திருந்தார். தண்ணீரில் போடுவதற்கு முன்னால் பழுப்புத் தாளை விரித்து, ஸ்வெட்டரை அதன்மேல் படுக்கப் போட்டு, ஓரத்தோடு ஓரமாகப் பென்சிலை ஓட்டிவிடுவார். ஒட்டுப் போட்ட இடம், பொத்தான் விழுந்த இடம் எல்லாம் புள்ளி வைப்பார். அதைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார். எனக்குத் தாள் வீணாகிறதே என்று இருக்கும். கண்காட்சி வைக்கப் போறீங்களா அண்ணி என்று கேட்டிருக்கிறேன். "உனக்கு நோட்டு, எனக்கு இது. ரெண்டு பேரும் ஏதோ கிறுக்கறோம், போ" என்பார்.

டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் எங்களுக்கு வாடிக்கை. குளிர்காலம் தொடங்கும்போது பொத்தான் வைத்த சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றே ஒன்று கொண்டுவருவார். அது அவர் மனைவி படுக்கையில் கிடந்த கடைசி வருஷம் பின்னியது. கையில் வலு இல்லாததால் இடது கை ஒரு விரல் நீளமாகப் போய்விட்டது. பிரித்துப் பின்னுகிறேன் என்றாராம் அந்த அம்மா. இருக்கட்டும், மடிச்சுப் போட்டுக்கறேன் என்று டிரைவர் தடுத்துவிட்டார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அந்த அம்மா கையால் செய்தது என்று வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். இதெல்லாம் டிரைவர் அண்ணியிடம் சொன்னது. எனக்கு அது நோட்டில் ஒரு நம்பர், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கடைக்குப் புது சலவை மிஷின் இறக்கியிருந்தேன். தெருவிலேயே அப்படி ஒன்று யாரிடமும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தையல்காரரும் செருப்புக்கடைக்காரரும் பார்க்க வந்தார்கள். கம்பளிகூடப் போடலாமா என்று தையல்காரர் கேட்டார். யானையையே போடலாம் என்றேன். அண்ணி அன்று மருந்தகத்துக்குப் போயிருந்தார். விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பின்னறை மேஜையில் அவர் கையால் துவைக்க எடுத்துவைத்திருந்த நாலு கம்பளி உருப்படியையும் அள்ளி மிஷினில் போட்டேன். திருகில் சின்னச் சின்னப் படமாக இருந்தது. எது எதற்கென்று விற்றவன் சொல்லியிருந்தான், நான்தான் காதில் வாங்கவில்லை. சூடு பட்டால்தானே அழுக்குப் போகும் என்று கடைசி வரைக்கும் திருப்பிவிட்டேன்.

மூன்று உருப்படி கலப்பு நூல். ஒன்றும் ஆகவில்லை. டிரைவரின் ஸ்வெட்டர் சுத்தக் கம்பளி. வெளியே எடுத்தபோது ஆறு வயதுப் பிள்ளைக்குப் போடுகிற அளவில், அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் இரண்டு பேரும் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

அண்ணி இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வாரம் தண்ணீர் படக் கூடாதென்று மருந்தகத்தில் சொல்லியிருந்தார்கள். ஸ்வெட்டரைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். கல்லைக் கட்டித் தொங்கவிட்டா நீண்டுடும் அண்ணி என்று நான்தான் உளறினேன். "தொங்கவிட்டா தோள்தான் தொங்கும். சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார். பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பல்லால் கடித்துக் கட்டை அவிழ்த்தார்.

புதன்கிழமை என் மனைவி வீட்டிலிருந்து தலைக்குப் போடுகிற கண்டிஷனர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா கேட்டாங்க, ஏன்னு நான் கேக்கல என்றாள். நூல் இளகட்டும் என்று வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கலந்து, முழங்கை மடிப்பில் சூடு பார்த்து, ஸ்வெட்டரை அரைமணி நேரம் ஊறப்போட்டார் அண்ணி. பிழியவில்லை. துண்டில் சுருட்டி முழங்காலால் அழுத்தினார். பிறகு அந்த ஸ்வெட்டருக்கு முன்பே வரைந்துவைத்திருந்த பழுப்புத் தாளை விரித்து, நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதன்மேல் ஸ்வெட்டரை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, விரல் விரலாக இழுத்தார். ஒரு நூல் அளவு வரும். ஊசி குத்தி நிறுத்துவார். காய்ந்ததும் மறுபடி ஊறப்போட்டு முதலிலிருந்து தொடங்குவார். வெடித்த விரலில் அந்த நீர் எப்படி எரிந்திருக்கும் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

டிரைவர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். அந்தப் பக்கமாக வந்தவர், தயாராக இருந்தால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நுழைந்தாராம். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"கொஞ்சம் சுருங்கிடுச்சுங்க. அண்ணி தண்ணிய சூடா விட்டுட்டாங்க. வயசாகுது இல்லையா."

பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி காதில் விழுந்தது. பாக்கணும் என்றார் டிரைவர். அண்ணியே ஊசிகளைப் பிடுங்கிவிட்டு ஸ்வெட்டரை எடுத்துவந்து கொடுத்தார். அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார்.

"என் பேரனுக்குச் சரியா இருக்கும்போல. எனக்குத்தான் பேரன் இல்ல" என்றார்.

சனிக்கிழமை வாங்க என்றார் அண்ணி. அவர் போனபின் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் சாயந்திரம் வரைக்கும் என்னிடம் துணி விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பின்னறைக்குப் போனேன். தோள் வந்துவிட்டது. நீளம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வலது கை தாளில் வரைந்த கோட்டைத் தொட்டு நின்றது. இடது கையும் அதே அளவுக்கு வந்திருந்தது. ரெண்டும் சமமாயிடுச்சே அண்ணி, போதும் விடுங்க, முன்ன இருந்ததுக்கு இதுதான் அழகு என்றேன். அண்ணி தாளில் இடது பக்கம் விரலை வைத்துக் காட்டினார். கோடு இன்னும் ஒரு விரல் தள்ளி இருந்தது.

"அந்தம்மா விட்ட தப்பு, தம்பி. அதத் திருத்த நாம யாரு?"

மறுபடியும் ஊறப்போட்டார். கம்பளியில் ரத்தம் பட்டுவிடுமே என்று வெடித்த இரண்டு விரலிலும் மெழுகுத் துணி சுற்றிக்கொண்டு அந்த ஒரு கையை மட்டும் இழுத்தார். நான் நின்று பார்த்தேன். எனக்கு இழுக்கத் தெரியாது.

சனிக்கிழமை டிரைவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அண்ணி பின்னறையிலேயே அவருக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டார். தோள் சரியாக உட்கார்ந்தது. மார்புக்கு இவ்வளவுதாங்க வந்தது, மேல இழுத்தா நூல் விட்டுடும், பொத்தான் போட வராது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். டிரைவர் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. இடது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையின் விளிம்பு உள்ளங்கை வரைக்கும் இறங்கியிருந்தது. அதை ஒரு மடிப்பு மடித்தார். பழக்கமான மடிப்பு, பார்க்காமலே மடித்தார். கொஞ்ச நேரம் அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"வியாழக்கிழமை வீட்டுக்குப் போயி உங்கள ரொம்பத் திட்டினேம்மா. மனசுக்குள்ளதான். இப்ப மன்னிச்சுட்டேன்."

"சரிங்க" என்றார் அண்ணி.

அவ்வளவுதான். செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த மன்னிப்பைத் தலையாட்டி வாங்கிக்கொண்டு, மேஜையில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கத் தொடங்கினார். டிரைவர் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் வெளியே போயிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். என் கடைக்கும் ஒரு குறை இல்லை. ஆனால் அந்த 'சரிங்க'வை நான் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் நானாக மேலே வந்தேன் என்று சொல்லித் திரிந்தவனால் அந்த ஒரு வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை.

"சூடா விட்டது அண்ணி இல்ல. மிஷின்ல போட்டது நான். அண்ணி அன்னிக்குக் கடையிலயே இல்ல" என்றேன்.

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். கடை ஆட்களும் பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்போ அந்த மன்னிப்ப இவங்ககிட்டருந்து திருப்பி வாங்கிக்கறேன். உங்களுக்குத் தர்றதப் பத்தி யோசிக்கணும், முதலாளி" என்றார். அண்ணியைப் பார்த்துக் கைகூப்பினார். பொத்தான் போடாமல், இடது கையை மடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

அடுத்த குளிர்காலத்தில் வந்தார். அதற்கடுத்ததிலும் வந்தார். கவுன்டரில் நான் கை நீட்டினால் கொடுக்கமாட்டார். அண்ணி இருக்காங்களா என்று கேட்டு நேரே பின்னறைக்குப் போவார். போன வருஷமும் அப்படித்தான் கேட்டார். இந்த வருஷம் வந்தால் அவரிடம் நான் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துவைக்கவில்லை.

அன்றைக்கு அவர் போனதும் நான் பின்னறையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நல்லதாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவர் ஊசி டப்பாவை மூடிவிட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அந்த விரல்களை நான் சரியாகப் பார்த்தேன்.

"கை ரொம்ப எரியுது, தம்பி. அந்த வாளித் தண்ணியக் கொண்டுபோய் ஊத்திட்டு வா" என்றார்.

இரண்டு கடைக்கு முதலாளி ஆனபிறகு நான் வாளியைத் தொட்டதில்லை. தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன்.